பஸ்ஸுக்காரியும் சந்தைக்காரியும்

கண்ணை மூடியிருக்கிறேன், கீழுதட்டை ஈரமான ஒரு விரல் வந்து தொடுகிறது, விரலில் தக்காளி இலையின் பச்சை வாடை, எந்த சோப்புக்கும் போகாத வாடை, வாயைத் திறங்க என்கிறாள் என் மனைவி துளசிமணி, திறக்கிறேன், ஒரு துண்டு நாக்கில் விழுகிறது, உப்பில்லை, மிளகில்லை, வெறும் தக்காளி, சொல்லுங்க பாக்கலாம், இது யாரு, என்கிறாள், எது என்று அவள் கேட்டதே இல்லை, யாரு என்றுதான் கேட்பாள், எங்கள் மொட்டை மாடியில் பைகளில் அவள் வளர்த்த நாலு ரகமும் அவளுக்கு நாலு பொம்பளைகள், வால்பாறை டீச்சரம்மா ஒருத்தர் கொடுத்த விதை என்பதால் டீச்சர், மஞ்சளாக இருப்பாள், யாரையும் அதட்டாத ருசி, தோள்பட்டை கறுத்து, பிறக்கும்போதே உப்பு போட்டுக்கொண்டு வந்தவள் கருப்பி, உடுமலைச் சந்தையில் வாங்கின பழத்தைப் பிழிந்து விதை எடுத்ததில் வந்தவள் சந்தைக்காரி, தாராபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கத்தரி விதையைக் கொடுத்து மாற்றி வாங்கினதில் வந்தவள் பஸ்ஸுக்காரி. கடைசி இரண்டு பேருக்கும் ஒரே முகம், அதே சிவப்பு, அதே சப்பை, அதே மடிப்பு மடிப்பான இடுப்பு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, நாக்குதான் பிரிக்கும், சந்தைக்காரி புளித்துவிட்டுத் தன் வழியைப் பார்த்துப் போய்விடுவாள், பஸ்ஸுக்காரி அப்படியில்லை, புளிப்பாள், விழுங்கின பிறகும் தொண்டையிலேயே நிற்பாள், நின்று கொஞ்சமே கொஞ்சம் இனிப்பாள், எனக்கு அது முதல் நாளே தெரியும், பால் சொசைட்டியில் முப்பத்தொரு வருஷம் ஒரு சொட்டு நாக்கில் விட்டு இது நேற்றைய பால் என்று சொன்னவன் நான், எனக்கா தெரியாது, ஆனாலும் பஸ்ஸுக்காரியை ஊட்டிவிட்டு யாரு என்று அவள் கேட்டால், நெற்றியைச் சுருக்கி, பலமாக யோசித்து, சந்தைக்காரி என்பேன்.

அட போங்க, தப்பு, பாலுக்கு மட்டுந்தான் உங்க நாக்கு, இந்தாங்க இன்னொண்ணு, கண்ணைத் திறக்காம மென்னு சொல்லுங்க, என்பாள், அந்த இன்னொன்றுக்காகத்தான், சரியாகச் சொல்லிவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவாள், கீழே அவளுக்கு அடுப்பு இருக்கிறது, துணி இருக்கிறது, தப்பாகச் சொன்னால் நிற்பாள், மறுபடி விரல் வரும், முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரு புள்ள என்று ஒரு தரம்கூடக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான், வாயில என்ன கொழுக்கட்டையா என்று அவளே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், தப்பாகச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கொஞ்சல், அதை அவள் கண்டுபிடித்தாளா இல்லையா என்பதுதான் இப்போது எனக்குத் தெரியாதது.

ஏனென்றால் ஒரு தை மாதக் காலை இருக்கிறது, அது போகவே மாட்டேன் என்கிறது, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், அவள் ஈரக்கையோடு வந்து நிற்கிறாள், கையில் தட்டில்லை, கண்ணை மூடச் சொல்லவில்லை, ஏனுங்க, நிசமாலுமே உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதா, என்கிறாள், மாடி தாங்குவது பன்னிரண்டு பை, சுரைக்காய்க்கு இடம் வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதெல்லாம் என் மண்டையில் ஏறியிருந்தால்தானே, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஒண்ணுதாம்மா, எல்லாந் தக்காளிதானே, என்கிறேன், மடையன், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள், எனக்கு மட்டும் வேற மாதிரி தெரிஞ்சு என்ன பண்றது, என்று சொன்னாளா, நான் இப்போது அவளைச் சொல்லவைக்கிறேனா, சாயங்காலம் மாடியேறினால் மூன்று பையில் புது மண், சுவரோரம் பஸ்ஸுக்காரி வேரோடு கிடக்கிறாள், காய்கள் இன்னும் வாடக்கூட இல்லை. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ஏ புள்ள, எனக்கு எல்லாம் தெரியும், அவளைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், உன் விரலுக்காகப் பொய் சொன்னேன், என்று, வெட்கமாக இருந்தது, அறுபது வயதில் வெட்கம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன், அந்த நாளைக்குப் பிறகு தட்டு மாடிக்கு வரவே இல்லை, மூன்று வருஷம் வரவில்லை, போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல், நாலே நாள், ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், செடிக்குத் தண்ணி, என்றாள், அங்கேயும் நான் ஊத்தறேன் ஊத்தறேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

கார்த்திகையில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன், சும்மாதான், உள்ளே கண்ணாடிக்கு அடியில் நாலாக மடித்த காலண்டர் தாள், தினம் ஒன்று கிழிப்போமே அந்தத் தாள், அதில்தான் அவள் விதையைக் கழுவி ஒட்டிக் காயவைப்பாள், பின்பக்கம் பேர் எழுதிவைப்பாள், இதில் ஒன்பது விதை ஒட்டியிருக்கிறது, பேர் இல்லை, தேதியைப் பார்த்தேன், அந்தத் தை மாதம், அவள் செடியைப் பிடுங்கின வாரம், பஸ்ஸுக்காரியா, சந்தைக்காரியா, சந்தைக்காரி என்றால் டப்பா டப்பாவாக இருக்கிறதே, அவளை எதற்கு இத்தனை பத்திரமாக வைக்கவேண்டும், ஓசூரிலிருந்து மகள் கலைவாணி பேசினாள், அப்பா, தக்காளிக்காகவா அந்த வீட்டில தனியாக் கிடக்கறீங்க, இங்க கடையில கிடைக்காததா, கிளம்பி வாங்க, என்றாள், பங்குனி வரைக்கும் பொறு கண்ணு என்றேன், எதற்கு என்று சொல்லவில்லை, சொன்னால் அழுதிருப்பேன். மார்கழியில் ஒன்பதையும் போட்டேன், இரண்டு முளைத்தது, ஒன்றைப் புழு கொண்டுபோனது, மிச்சமிருந்த ஒன்றுக்குக் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, நடுவில் வேறு வேலையில்லை எனக்கு, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன், பஸ்ஸுக்காரி, பஸ்ஸுக்காரி, இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிடுவேன் துளசி, ஒரே சொல், எத்தனை வருஷ பாக்கி, மத்தியானத் தூக்கத்தில் தாராபுரம் பஸ் வருகிறது, முன்சீட்டில் துளசி, பக்கத்தில் இடம் காலி, எழுந்து போகப் பார்க்கிறேன், கண்டக்டர் உட்காருங்கய்யா என்கிறான், உட்கார்ந்துவிடுகிறேன், அவள் திரும்பவில்லை.

இன்றைக்குக் காலையில் பழுத்துவிட்டது, பேரில்லாதவளை ஒன்று, சந்தைக்காரியை ஒன்று பறித்தேன், அதே தட்டு, இரண்டையும் அரிந்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டைச் சுற்றினேன், சுற்றினேன், எது எது என்று எனக்கே தெரியாத வரைக்கும், பிறகு துழாவி ஒரு துண்டை வாயில் வைத்தேன், புளிப்பு, விழுங்கினேன், அவ்வளவுதான், போய்விட்டாள், சந்தைக்காரி, அடுத்த துண்டை எடுக்கிறேன், என் விரலிலும் இப்போது அந்தப் பச்சை வாடை, கீழுதட்டைத் தொடுகிறது, நாக்கில் விழுகிறது, புளிக்கிறது, விழுங்குகிறேன், போகவில்லை, தொண்டையில் நிற்கிறாள், நின்று கொஞ்சமே கொஞ்சம் இனிக்கிறாள், சொல்லுங்க பாக்கலாம், இது யாரு, என்று கேட்கிறது, நான் கண்ணைத் திறக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி, பலமாக யோசித்து, சந்தைக்காரி, என்கிறேன், சொல்லிவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.