மூன்றாவது கொட்டேஷன்

இல்லாத ஒரு கம்பெனியின் முதலாளியான பிச்சேஸ்வரராவ், மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் விஜயவாடாவிலுள்ள எங்கள் பிஸ்கட் ஆலைக்கு வந்து, வாசல் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பர்ச்சேஸ் ஆபீசர் பாபூராவைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று மைதா விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும் என்பது ஆலையின் விதி. அட்டைப்பெட்டிக்குப் பாபூராவ் பதினொரு வருஷமாக மூன்று கொட்டேஷன் வைத்துத்தான் வந்தார். ஒன்று வீரய்யாவுடையது. வீரய்யா அவர் மனைவியின் அண்ணன் என்பதை ஆலையில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. மற்ற இரண்டையும் இல்லாத கம்பெனிகளின் பெயரில் பாபூராவே கூடுதல் விலை போட்டு எழுதினார். மூன்றாவதில் எழுத்து வேறாகத் தெரிய இடது கையால் பிச்சேஸ்வரராவ் என்று கிறுக்கினார். கோடைதோறும் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் வந்தது. சொந்தக்காரன் அனுப்பும் பழத்தை லஞ்சம் என்று யார் சொல்வார்கள்?

"பதினோரு வருஷமா ஒரு ஆர்டர்கூட வரல சார். ஏன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் பிச்சேஸ்வரராவ்.

"உங்க விலை கூடங்க."

"அது நீங்க எழுதுன விலை. இது நான் எழுதுனது" என்று ஒரு தாளை நீட்டினார். வீரய்யாவின் விலையைவிடக் குறைவு. இரண்டாவது கம்பெனிக்காரர் போன மழைக்காலத்திலேயே கடையை மூடிவிட்டாராம். பிச்சேஸ்வரராவிடம் பதினாலு பேர் வேலை செய்தார்கள். மாதக் கடைசிக்குள் ஆர்டர் வராவிட்டால் அவர்களையும் அனுப்பிவிட வேண்டியதுதான். தினமும் வந்து உட்கார்ந்தார். வாட்ச்மேன் டீ கொடுத்தார். பாபூராவுக்குப் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. அந்த வருஷத்து மாம்பழம் வாயில் சப்பென்று இருந்தது.

"இல்லாத ஆளுக்கு இரக்கப்பட்டு, இருக்குற சோத்துல மண்ணப் போட்டுக்காத மாப்ள" என்று போனில் கத்தினார் வீரய்யா.

"இல்லாத ஆள் தினமும் வந்து டீ குடிக்கிறாரே மச்சான்" என்றார் பாபூராவ்.

ஒன்பதாம் நாள், நடந்ததையெல்லாம் வலது கையால் ஒரே பக்கத்தில் எழுதி, பிச்சேஸ்வரராவ் கொடுத்த விலைத் தாளையும் சேர்த்து மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போட்டார். மத்தியானத்துக்குள் பாபூராவை வேலையிலிருந்து நீக்கினார். திங்கட்கிழமை பெட்டிகள் வந்தன. ஒரு குறையும் இல்லை. பில்லில் இருந்த விலாசம் ஆட்டோ நகரில் அறுபத்திரண்டாம் மனைக்கும் அறுபத்து மூன்றாம் மனைக்கும் நடுவே. அங்கே இருப்பது ஒரு சாக்கடைதான். லாரி திரும்ப இடம் தாராளமாக இருந்தது என்று அங்கே போய்ப் பெட்டிகளை ஏற்றி வந்த டிரைவர் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து, பர்ச்சேஸுக்கு ஆள் தேவை என்று இடது கை எழுத்தில் பாபூராவுக்குக் கடிதம் வந்தது. சேரும் நாளில் சொந்தக்காரர்கள் பட்டியலைக் கேட்டார்கள். வீரய்யாவை முதலில் எழுதினார். சம்பளம் தவறாமல் வருகிறது, மாம்பழம் வருவதில்லை.

"எங்கதான் அந்த வேலை?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"அறுபத்திரண்டுக்கும் அறுபத்து மூணுக்கும் நடுவுல."

"சரி, குடை எடுத்துக்கோங்க."

அன்று ஊரில் மழை இல்லை. சாயங்காலம் குடை நனைந்து வந்தது. அவள் அதை வாங்கிக் கூடத்தில் விரித்துக் காயவைத்தாள்.