ஒன்றாம் எண் பயனாளி

குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு முகாம் நடத்துவது கைவந்த கலை. கண் முகாம், பல் முகாம், மூட்டுவலி முகாம் எல்லாம் முடித்துவிட்டார். மிச்சமிருந்தது மனம்தான். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் முடித்துவிடத் தீர்மானித்தார்.

அறிவிப்பைப் பார்த்ததும் மூன்றாம் மாடித் தையல்காரிக்கு உயிர் வந்தது. அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை, சோறும் இறங்கவில்லை. அக்காவிடம் மட்டும் வாய்விட்டு அழுவான்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடலாம்டா."

"ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் வரமாட்டேன்க்கா."

"தெரியாதுடா. சங்கச் செயலாளர் சத்தியம் பண்ணியிருக்கார்."

செயலாளர் ஏமாற்றவில்லை. ரகசியம் என்பதால்தான் விண்ணப்பத்தை ஒட்டிய உறையில் வாங்கினார். டாக்டர் மட்டும் படிப்பார் என்று நம்பி, 'குறை' என்ற கட்டத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள்.

மனம்விட்டுப் பேசுவதன் அவசியத்தைப் பற்றித் தலைவர் முக்கால் மணி நேரம், வேறு யாரையும் பேசவிடாமல் பேசினார். பிறகு, கண் முகாமில் செய்ததைப் போலவே, முதல் பயனாளியை மேடைக்கு அழைக்கச் சொன்னார். செயலாளர் உறையைக் கிழித்து மைக்கில் படித்தார்.

"டோக்கன் ஒண்ணு. நம்ம லிஃப்ட் மெக்கானிக் தம்பி. குறை: சின்னப் பிள்ளை மாதிரி அழறான். நான் இருந்து என்ன பண்ணப்போறேன்னு கேக்கறான்..."

டாக்டர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். தலைவர் சிரித்தபடியே திரும்ப வாங்கிக்கொண்டார். "என்ன தைரியம் பாருங்க! எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க!"

கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் ஓர் அம்மாள், "ஐயையோ, இவன் ரிப்பேர் பண்ண லிஃப்ட்லயா இத்தனை நாள் போனோம்?" என்றாள். கணவர், "சும்மா தட்டுடி" என்றார்.

தம்பி எழுந்து மேடையேறிச் சான்றிதழ் வாங்கினான். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தான்.

வீட்டுக்குப் படியேறும்போது கேட்டான்: "எல்லாம் நீ எழுதினதாக்கா?"

"டாக்டருக்குன்னுதான்டா..."

"முத்து முத்தா எழுதியிருப்பே. ஒரு இடத்துலகூடத் தடுக்காம படிச்சாரே."

மாலையில் டாக்டர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். அவன் வாசலிலேயே நிறுத்தினான். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அதான் எல்லாரும் கை தட்டிட்டாங்களே."

டாக்டர் தன் நம்பரை அக்காவிடம் எழுதிக் கொடுத்தார். "தனியா விடாதீங்கம்மா. எந்நேரமானாலும் கூப்பிடுங்க."

சங்கத்தின் ஆண்டறிக்கையில், 'மனநலம்: பயனாளி ஒருவர், பூரண திருப்தி' என்று ஏறியது.

இப்போதெல்லாம் தம்பி அக்காவிடம் அழுவதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால், "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறான். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக்கொள்கிறான். அவள் தைப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்து, வெளியே தரையில் உட்கார்கிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவன் மூச்சு கேட்கிறதா என்று கதவில் காதை வைக்கிறாள்.

"தாழ்ப்பாள் மட்டும் போடாதேடா, கண்ணு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.