யாது அக்கா

சிறுவர் நாடகக் குழுவை நடத்திவந்த அவள் இரண்டு மாதம் வெளிநாடு போகிறாள் என்றதும் வீட்டில் முதலில் வாயைத் திறந்தவள் நாத்தனார்தான்.

“போறவ போகட்டும். வர்றவளுக்கு யார் சமைக்கிறது?”

வருகிறவள் என்று ஒருத்தி இருந்தாள். பல நாட்டு நாடகக் குழுக்கள் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருந்தன. நாளைக்குப் பெரிய பொறுப்புகளுக்கு வரக்கூடியவர்கள் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, இவர் குழுவை அவரும் அவர் குழுவை இவரும் நடத்தும்படி இடம் மாற்றி அனுப்புவார்கள். தங்குவதும் ஒருவர் வீட்டில் மற்றவர். அவள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவனும், குழுவுக்கு உடை தைக்கும் அவன் அக்காவும்தான்.

வந்தவள் நல்ல உயரம். நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். மொழியைப் போனில் ஏதோ ஒரு செயலியை வைத்துக் கற்றிருந்தாள். அதைச் செய்தவர்கள் பெரிய பண்டிதர்கள் போலிருக்கிறது.

“வணக்கம். நான் தற்பொழுது நீராட விரும்புகிறேன்” என்றாள்.

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.

“குளிக்கணுமாம்” என்றான் அவன்.

ஒத்திகை நடப்பது ஓர் அச்சகத்தின் மாடியில். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். காட்டில் தொலைந்துபோன குழந்தை, அதைத் தேடும் அம்மா, வழியில் மிரட்டும் கரடி என்று ஒரு நாடகம். மரக்கடையில் வேலை பார்க்கும் ஆஜானுபாகுவான ஒருவன் எப்போதும் கரடி வேடம் போடுவான். அவன் பெயரே கரடி என்று ஆகிவிட்டிருந்தது. இதுவரை கையை எவ்வளவு தூக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைக்கூட வெளிநாடு போனவள் நடித்துக் காட்டுவாள், மற்றவர்கள் அப்படியே செய்வார்கள். வந்தவளோ ஓரமாக உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். பிறகு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, “இது பற்றி உங்கள் கருத்து யாது?” என்று கேட்டாள்.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். “அக்கா என்ன சொன்னாங்களோ அதையே செஞ்சிடறோங்க” என்றான் கரடி. அன்றிலிருந்து அவள் யாது அக்கா ஆனாள். தினமும் கேட்டாள். தினமும் தரையைத்தான் பார்த்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது.

“நான் திரும்பி வந்துடறேன்.”

“என்ன ஆச்சு?” என்றான் கணவன்.

“எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கறாங்க. அந்தப் பக்கம் போய் நில்லுன்னா ஏன். மெதுவாப் பேசுன்னா ஏன். எனக்கே தெரியல ஏன்னு. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல.” குரல் உடைந்தது.

எந்த வண்டியின் கியர் பெட்டியையும் பிரித்து மாட்டிவிடுவான். இந்தப் பழுதில் எங்கே கை வைப்பதென்று அவனுக்குப் புரியவில்லை. அடுக்களையில் நாத்தனாரோடு காய் நறுக்கிக்கொண்டிருந்த யாது அக்காவிடம் போனை நீட்டினான்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். “அவர்கள் உங்களை மதிப்பதால் வினவுகிறார்கள். மதிக்காவிடில் தேநீர் அருந்தச் சென்றுவிடுவார்கள்” என்றாள்.

அந்தப் பக்கத்தில் அழுகை நின்று சிரிப்பு வந்தது.

“இங்கு எவரும் வினவுவதில்லை. எனக்கு அச்சமாக உள்ளது” என்றாள் யாது அக்கா. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“ஐயோ, அவங்கள மொத்தமா உக்கார வெச்சுக் கேட்டா வாயே தெறக்க மாட்டாங்க. தனித்தனியாக் கேளு. கரடிய சாப்பிட்ட பிறகு கேளு. பசியில இருந்தா எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு ஓடிடுவான்.”

“அங்கு நீல மூக்குக்கண்ணாடி அணிந்தவர் உரக்கப் பேசுவார். கவலை வேண்டாம். மூலையில் அமர்ந்து நகம் கடிக்கும் பெண்ணை நோக்குங்கள். அவள் தலையசைத்தால் அனைவரும் வருவார்கள்.”

அதன்பின் சாயங்காலமானால் இரண்டு பேரும் போனும் கையுமாகத்தான். யாருக்கு முதுகுவலி, யார் பாராட்டினால் சொதப்புவார்கள், யாரை யாரோடு சேர்த்து நிற்கவைக்கக் கூடாது என்று பேச்சு நீண்டது. “கட்டினவன்கிட்டகூட அவ இவ்வளவு பேசினதில்ல” என்றாள் நாத்தனார். தம்பி மறுக்கவில்லை.

கரடி வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மதியம் யாது அக்கா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் நெளிந்தான்.

“சிரிக்கக் கூடாது” என்றான்.

“நகைக்க மாட்டேன்.”

“எனக்கு அந்த அம்மா வேஷம் வேணும்.”

அவள் சிரிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தவள், இடுப்பளவு எடுக்கக் கூப்பிடப்பட்ட நாத்தனார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “துணி ரெண்டு பங்கு பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தைக்க உட்கார்ந்தாள். அம்மாவாக நடித்துவந்த ஒல்லிப் பெண் கரடித்தோலுக்குள் புகுந்துகொண்டாள்.

முதல் காட்சியன்று மனைவி திரும்பி வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்திருந்து பொறுப்பைக் கைமாற்றிக்கொள்ள ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் கணவனோடு உட்கார்ந்தாள். மலை மாதிரி ஓர் அம்மா மேடைக்கு வந்ததும் குழந்தைகள் ஓவென்று சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா, தேடித் தேடிக் களைத்து, குழந்தையின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது அரங்கம் அடங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு எழுந்து மேடையேறிப் போய் அவன் தோளைத் தொட்டது.

“அழாதீங்க. அந்தப் பொட்டிக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கா.”

கரடிக்கு வசனம் மறந்துபோயிற்று. “அப்படியா கண்ணு” என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

“நல்லா இல்லையா?” என்றான் கணவன்.

“நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சனை. அவனுக்கு இப்படி ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியலயே.”

யாது அக்கா வாசற்படியில் நின்றாள். “சினமாக உள்ளீர்களா?”

“ஆமா. கொஞ்சம்.”

“நானும். என் குழுவினர் தொலைபேசியில் அழைத்தார்கள். உங்களை மீண்டும் அனுப்புமாறு கேட்கிறார்கள். நீங்கள் இருந்தால் ஒத்திகை உரிய நேரத்தில் முடிகிறதாம். நான் நலமா என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சப் பாத்திரங்களைக் கணவன் கழுவினான்.

மறுவருடம் யாரை அனுப்பலாம் என்று திட்டக்காரர்கள் கேட்டபோது இரண்டு ஊரிலிருந்தும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். கரடி நம்பவில்லை. “நானா? நான் மரம் அறுக்கிறவன்” என்று ஒரு வாரம் தட்டிக்கழித்துப் பார்த்தான். நடக்கவில்லை. அங்கே குளிருமென்று நாத்தனார் தடிமனாக ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தாள். விமான நிலையத்தில் வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டே நின்றான். ஒவ்வொருவரையாகக் கட்டிக்கொண்டான். உள்ளே போனவன், பாஸ்போர்ட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டதாக ஓடிவந்தான். அது அவன் கோட்டுப் பையிலேயே இருந்தது.

அவன் தலை மறைந்ததும் மனைவியின் போன் அடித்தது. யாது அக்காதான். பேச்சு நன்றாகத் தேறியிருந்தது.

“ஆள் கெளம்பியாச்சா? கட்டில் எவ்ளோ நீளம் போடணும்?”

“நீளம் பரவால்லடி. அகலத்தப் பாரு” என்றாள் அவள்.