அம்மா கை

“டீச்சர், என்னோட பக்கத்தக் காணோம்.”

ஹாரம் கையை உயர்த்திக்கொண்டே எழுந்துவிட்டாள். பெற்றோர் வந்து பார்க்கும் வகுப்பு அது. கணினி அறையின் பின்சுவரை ஒட்டி அம்மாக்களும் ஒன்றிரண்டு அப்பாக்களும் நின்றிருந்தார்கள். அவள் முறை வந்தபோது பெரிய திரையில் அவள் செய்த பக்கம் வரவில்லை. தொப்பி போட்ட சிப்பி ஒன்று பல்லைக் காட்டி, ‘எங்கள் ஊர் சிப்பித் திருவிழாவுக்கு வாருங்கள்’ என்றது.

சோராவுக்குக் காதுமடல் சுட்டது. மூன்றாம் வகுப்புக்குக் கணினி சொல்லிக்கொடுக்க அவள் அந்தக் கொரியத் துறைமுக ஊரையே பாடமாக எடுத்திருந்தாள். மவுஸ் பிடிக்கப் பழகச் சிப்பி வரைந்தார்கள். தட்டச்சுக்கு வலை, மிதவை, படகு என்று வீட்டில் புழங்கும் சொற்களை அடித்தார்கள். படம் சேர்க்கும் பாடத்துக்கு ஹாரம் கொண்டுவந்தது, சிப்பி உரிக்கும் கொட்டகையில் வேலை செய்யும் தன் அம்மாவின் கை. கத்தி கிழித்த தழும்புகள், உப்புநீரில் ஊறி வெளுத்து வெடித்த விரல்கள். அடியில் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டிய வரி: ‘அம்மா கை. ராத்திரி எரியும். நான் ஊதிவிடுவேன்.’

நேற்று மாலை துணைத் தலைமையாசிரியர் தாக் அதைப் பார்த்தார். “கொட்டகையெல்லாம் மீனவர் சங்கத்தோடது. சங்கத் தலைவரே நாளைக்கு வர்றாரு. இந்தக் கை வேணுமா டீச்சர்?”

“வேணும் சார்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. அவளிடம் சொல்லாமலே அந்தப் பக்கத்தைக் குப்பைபோல் எடுத்துப் போட்டிருக்கிறார். இதோ, தலைவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“உக்காரு ஹாரம்.” சோரா வகுப்பின் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் கவனிங்க. இன்னிக்குப் புதுப் பாடம். அழிச்சதத் திரும்பக் கொண்டு வர்றது எப்படி? மேல ‘மாற்றங்கள்’னு இருக்கா, அத அழுத்துங்க.”

யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்ற விவரம் திரையோரம் இறங்கியது. உச்சியில் ‘மீட்டெடு’ பொத்தானும் அதன் பக்கத்தில் ஒரு பெயரும்.

“தாக் சாரா?” முன்வரிசையில் ஒரு சிறுமி உரக்கப் படித்தாள். “அவரு நம்ம கிளாஸே இல்லையே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். தாக் விறுவிறுவென்று முன்னால் வந்து குனிந்தார். “வந்தவங்க முன்னாடி மானத்த வாங்குறீங்களா?”

“சின்னப் புள்ள வேலையத் திருட்டுத்தனமா அழிக்கும்போது எங்க சார் போச்சு அந்த மானம்?”

மெதுவாகத்தான் சொன்னாள். சட்டையில் குத்தியிருந்த மைக் அதை அறை முழுக்கக் கொண்டுபோனது. சிரிப்பு நின்றது.

“வேணாம் டீச்சர்.” கதவோரத்திலிருந்து ஹாரமின் அம்மா தூயென். வியட்நாமிலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் கொரிய மொழி அவளுக்குத் தட்டித் தடுமாறித்தான் வரும். “பரவால்ல. தொப்பிச் சிப்பி நல்லாத்தான் இருக்கு.” அவள் தலைவரைப் பார்க்கவில்லை. கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

சோராவுக்குச் சட்டென்று உறைத்தது. நாளைக் காலை அந்தக் கொட்டகைக்குள் போய் நிற்கப்போவது தானில்லை. கோபத்தில் அது தோன்றவேயில்லை. தாக் மேல் இருந்த ஆத்திரம் தணியாமலே தன் மேலும் திரும்பியது.

“ஹாரம், இப்ப அழுத்தாத. அப்புறமா பாத்துக்கலாம்.”

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“இது நான் செஞ்சதும்மா,” என்றாள்.

அழுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்து இணைய வேகத்தில் படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் முழங்கையில் மாட்டிய ரப்பர் உறையின் நீல விளிம்பு. அப்புறம் மணிக்கட்டு. சங்கத் தலைவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். முதல் தழும்பு தெரியத் தொடங்கியது.