ஓசிக் குளவியும் கொழுந்தனும்

வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிற கொழுந்தனை வீட்டை விட்டுப் போகச் சொல்வது எப்படி? குளவி ஆராய்ச்சி செய்கிற அவளுக்கு அதுதான் அன்றைய தலைவலி. வேலை தேடி ஒரு வாரம் தங்க வந்தவன், வேலை கிடைத்த பிறகும் அவள் எழுதும் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவளோ அடுப்படி மேடையில், வெங்காயத் தோலுக்கு நடுவே கட்டுரை எழுதினாள். “என் தம்பிதான், ஆனா நீ சொன்னாதான் கேப்பான்,” என்று கணவர் நைசாகக் கழன்றுகொண்டார்.

ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவனை ஆய்வுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். மரத்தடியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று திட்டம்.

அங்கே வேறோர் இடி. துணிப்பை கட்டிக் காத்த அத்திக்காயை அறுத்தால், உள்ளே ஓசிக் குளவிகள்!

“பொடிக் குளவி ஒண்ணு இருக்கு தம்பி. காயோட வாசல்ல நுழையும்போதே சிறகு பிஞ்சிடும். மகரந்தம் தூவி, முட்டை போட்டு, உள்ளேயே செத்துடும். மரத்துக்கு விதை, அதுக்குப் பிள்ளை. இந்த ஓசிக்கு மகரந்தமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. நோகாம முட்டை மட்டும் போடும். பொடிசு நுழைஞ்ச கையோட பை கட்டிட்டேனே, இது எப்படி பைக்குள்ள போச்சு?”

அவன் தானே ஏணியில் ஏறி, இன்னும் பைக்குள் இருந்த காய்களைப் பார்த்தான். “அது எதுக்கு அண்ணி உள்ள போகணும்? பை மேலயே நின்னுக்கிட்டு வாலை உள்ள விடுது பாருங்க!”

பார்த்தாள். முட்டையிடும் ஊசி, தலைமுடி போல நீண்டு, துணியைத் துளைத்துக் காய்க்குள் இறங்கியிருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பையைக் காயோடு ஒட்ட இழுத்துக் கட்டியவள் அவளேதான். அந்த ஊசியின் நீளத்தை அளந்து கட்டுரை எழுதியவளும் அவளேதான். தலையில் அடித்துக்கொண்டாள்.

இருவரும் கம்பி வளைத்து, பைகளைக் காயிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். ஒரு குளவி வந்து உட்கார்ந்து ஊசியை இறக்கியது. எட்டவில்லை.

“பாவம் அண்ணி. இனி எங்க போகும்?”

“வேற காய் பாத்துக்கும்.” இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினாள்.

அவன் முந்திக்கொண்டான். “நானும் வேற ரூம் பாத்துட்டேன் அண்ணி. சாவி கூட வாங்கியாச்சு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் வாயைத் திறக்கல.”

குதித்துக் கும்மாளம் போட்டிருக்க வேண்டியவள். கண்ணில் நீர் முட்டியது. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

“அதுக்கென்ன அவசரம்? அடுத்த மாசம் போனா ஆகாதா?” வாய் முந்திக்கொண்டது.

அவன் புது ரூம் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால…”