கடைசி வெட்டு

ஓய்வு பெற்றுக் குடுமி அறுக்கும் நாளில் சுமோ வீரன் அழுவான் என்று எல்லோரும் கைக்குட்டையோடு வந்திருந்தார்கள். கன்சுக்குக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பதினாறு வயதில் மங்கோலியாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து, யோகோசுனா என்ற உச்சப் பட்டம்வரை ஏறியவன். ஓய்வுக்குப் பிறகு பயிற்சிக்கூடம் நடத்த வேண்டுமானால் ஜப்பானியக் குடிமகனாக மாறு என்றது சுமோ சங்கம். மாறினான். அப்புறமும் அரங்கில் எவனாவது ஒருவன் “உன் ஊருக்குப் போடா” என்று கத்தாமல் இருந்ததில்லை.

மண் களத்தின் நடுவில் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்க, வங்கி முதலாளியும் டிவி நடிகரும் சாக்கே மது வியாபாரியும் வரிசையாக ஏறி, தங்கக் கத்தரியால் குடுமியில் ஆளுக்கொரு நறுக்கு நறுக்கிவிட்டுப் போனார்கள். அவன் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத கூட்டம். பெற்ற தாய் செரென் மட்டும் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெண் கால் பட்டால் களத்துக்குத் தீட்டாம்!

“சொந்தமெல்லாம் கூடி உன் முதல் முடியை எடுத்தப்போ நானும் வெட்டினேன்டா. இதையும் என் கையால வெட்டணும்.” அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“நான் கீழே இறங்கியாவது அம்மா வெட்டுறதுக்குக் குடுமியைக் காட்டுறேன் ஐயா” என்று ஆசான் தொகிகாவாவிடம் காலையிலேயே கெஞ்சியிருந்தான்.

“கடைசி வெட்டு என்னோடது. பொத்திக்கிட்டு உக்காரு.”

இப்போது ஆசானின் முறை வந்தது. கத்தரியோடு குனிந்தவர் அவன் காதருகே சிரித்தார். “நான் மட்டும் இல்லேன்னா நீ இன்னும் ஆடு மேய்ச்சிட்டு இருப்பே.”

கன்சுக் அவர் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கினான். விறுவிறுவென்று இறங்கிப் போய் அதை அம்மாவின் கையில் கொடுத்து, அவள் முன்னால் மண்டியிட்டான். பயிற்சிக்கூடம் போனால் போகட்டும்.

செரென் குடுமியைத் தூக்கினாள். விரல் நின்றுவிட்டது.

“இது என்னடா தழும்பு?”

“பயிற்சியில விழுந்தேம்மா.”

“விழுந்தா உச்சந்தலையில எப்படிடா அடிபடும்? போன்ல எல்லாம் நல்லா பாத்துக்கிறாங்கன்னு சொன்னியே, பொய்யா?”

அவன் களத்தின் மேல் நின்ற ஆசானைப் பார்த்தான். அவளுக்கு அது போதும். பூட்ஸ் காலோடு தடதடவென்று ஏறிவிட்டாள்.

“பெண்கள் உடனடியாகக் களத்தை விட்டு இறங்கவும்” என்று ஒலிபெருக்கி அலறியது.

“என்னவாம் அவனுக்கு?” என்றாள் மொழி புரியாத செரென்.

பின்னாலேயே ஓடி வந்த கன்சுக், “உன்னை இறங்கச் சொல்றாங்கம்மா” என்றான்.

“முதல்ல இந்த ஆளைக் கேளு, எம்புள்ள மண்டையை எதுக்கு உடைச்சேன்னு.”

அவன் ஜப்பான் மொழியில் கேட்டான். இத்தனை வருஷமும் நெஞ்சில் அடைத்திருந்த கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது. ஆசானுக்கு முகம் வெளுத்தது. “அது... பயிற்சிப்பா. மூங்கில் தடி படாம எவன் பெரியாளானான்?”

செரென் மகனை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தாள். குடுமியை ஒரே பிடியாகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். அது கையோடு வந்தது.

அவள் இறங்கும் முன்பே சங்கத்து ஆள் ஒருவன் உப்புக் கூடையோடு ஓடி வந்தான், அவள் கால் பட்ட மண்ணில் உப்புத் தூவித் தீட்டுக் கழிக்க. கன்சுக் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“மண்ணு மேல எதுக்குடா கொட்டுறே?” என்று ஆசானைக் காட்டினான். “அந்தாளு மேல கொட்டு.”