நல்ல சத்தம்

பழைய ஆரஞ்சு மேலங்கியின் ஜிப் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. லூசில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். மானென்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்பதால், மான் வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு உடுத்தாமல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கணவர் நார்மண்டின் அங்கி நல்ல அங்கிதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் கொடுத்த பைக்குள், நெஞ்சுப் பக்கம் கத்தரிக்கப்பட்டுக் கிடந்தது.

"நீ வண்டியிலேயே இரு லூசில். சாவியை நான் தேடி எடுத்துட்டு வர்றேன்," என்றார் எல்வின்.

"வீட்டுல இருந்தா துக்கம் கேக்க ஆளாளுக்கு பீன்ஸ் சட்டியைத் தூக்கிட்டு வந்து அழறாங்க. அவங்களை நான் தேத்த வேண்டியிருக்கு. பேசாம நட."

எல்வின் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நொண்டியபடி நடந்தார். அவரும் நார்மண்டும் காகித ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு ஒன்றாகக் காடு காடாக அலைந்து, பழைய காசும் பித்தானும் தோண்டியவர்கள். சனிக்கிழமை நார்மண்ட் தனியாக வந்திருந்தார். வேட்டைக்கு வந்த இருவர் அவரை இலைச் சருகின்மேல் குப்புறக் கிடக்கக் கண்டார்கள். மாரடைப்பு. தூக்கிப் போனவர்களுக்கு அவருடைய பிக்கப் வண்டியின் சாவி அகப்படவில்லை. மாற்றுச் சாவியை அவர் எப்போதோ தொலைத்திருந்தார். மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் இந்த மனுஷனுக்குக் கிடைக்கும், சட்டைப் பையில் இருப்பதுதான் கிடைக்காது என்று லூசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நாளை மரம் ஏற்றும் லாரிகள் வரப்போகின்றன. வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாளை மறுநாள் அடக்கம்.

"நானும் வந்திருக்கணும்," என்றார் எல்வின் திரும்பாமலே. "முட்டி வலிக்குதுன்னு படுத்துட்டேன்."

"வந்து? நீ ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பனி கொட்டியிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலையில், "போங்க, வீடாவது கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்," என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். பிறகு சோபாவில் படுத்தாள். அப்படியொரு தூக்கம் அவளுக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. போன் மணியடித்து எழுப்பியபோது கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இடிந்த கல்சுவரைத் தாண்டியதும், நார்மண்ட் விழுந்து கிடந்த பாழ்வீடு வந்தது. வீடு என்று இப்போது ஒன்றுமில்லை. கல் அடுக்கிய ஒரு பள்ளம், அதற்குள் முளைத்த இரண்டு பிர்ச் மரங்கள். பக்கத்தில் சருகெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் விட்டுப்போன நீல நிற ரப்பர் கையுறை ஒன்று விரல் விரிந்தபடி கிடந்தது. எல்வின் அதை அவசரமாகப் பொறுக்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

லூசில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். எல்வின் கருவியை வலமும் இடமுமாக வீசிக்கொண்டே நடந்தார். சாவி சுலபமாகவே கிடைத்துவிட்டது. அவள் அதை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். திரும்பும்போதுதான் எல்வின், நார்மண்ட் தோண்டிய குழியைப் பார்த்தார். புல்லோடு பெயர்த்த மண்கட்டி ஒரு பக்கம் கவிழ்ந்திருந்தது. குழி பாதிதான் தோண்டப்பட்டிருந்தது. அவர் கருவியை அதன்மேல் காட்டி, ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். கீச்சென்ற மெல்லிய ஓசை காட்டில் கேட்டது.

"நல்ல சத்தம். வெள்ளியா இருந்தா இப்படித்தான் கத்தும்."

"அவரு கடைசியா கேட்டது இதையா?"

"இதைத்தான் கேட்டிருப்பான்."

"அப்போ தோண்டு."

எல்வின் மண்டியிட்டார். அதற்குள் லூசிலின் போன் அடித்தது. மகன் மார்க், அடக்கத்துக்கு அப்பாவுக்கு எந்த டை என்று கேட்டான். நீலமா, பழுப்பா?

"எதைக் கட்டினாலும் அவரு அவுத்துப் போடுவாரு," என்றாள். பிறகு, "நீலம்," என்றாள்.

பேசிக்கொண்டே திரும்பியவள், எல்வின் குழிக்குள்ளிருந்து எதையோ எடுத்து இடுப்புப் பைக்குள் திணிப்பதைப் பார்த்தாள். மிதித்து நசுக்கிய பியர் டின். அலுமினியமும் வெள்ளி மாதிரியே கத்தும் என்று நார்மண்ட் எத்தனை ஞாயிற்றுக்கிழமை புலம்பியிருக்கிறார்!

எல்வின் அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கையால் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "லூசில்! இங்க வந்து பாரு!" என்றார். தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னார்.

அவர் நீட்டிய காசை வாங்கினாள். உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம் பொறித்த பழைய வெள்ளிக் காசு. அப்படி ஒன்று எல்வினிடம்தான் உண்டு. எடுத்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அது தன் கையில் மாட்டவில்லையே என்று நார்மண்ட் கடைசிவரை பொருமினார். விறைத்துப்போன மண்ணிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த காசு, அவள் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

லூசில் நிமிர்ந்து எல்வினைப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமல் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காகத்தான் குனிஞ்சிருக்கான். சந்தோஷமாத்தான் போயிருப்பான், லூசில்."

"நல்ல காசு," என்றாள். சற்றுக் கழித்து, "ஆமா. சந்தோஷமாத்தான் போயிருப்பாரு," என்றாள்.

எல்வின் குழியை மூடி, புல்கட்டியைத் திருப்பிவைத்துக் காலால் அழுத்தினார். அந்த நேரத்தில் லூசில் சுவரோரம் போய், பூட்ஸ் கயிறு கட்டுபவள்போலக் குனிந்தாள். ஈர மண்ணை விரலால் தோண்டி, காசின் இரு பக்கமும் அப்பி, எழுத்துகளின் இடுக்கிலெல்லாம் நகத்தால் தேய்த்து ஏற்றினாள். பிறகு பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் மார்க் சமையலறை மேஜைமேல் நீல டையை விரித்துவைத்திருந்தான். லூசில் காசை அவன் கையில் வைத்தாள்.

"அப்பா எடுத்ததாம்மா?"

"குழியிலேயே இருந்துச்சு. எல்வின்தான் எடுத்துக் கொடுத்தாரு."

அவன் குழாயைச் சன்னமாகத் திறந்து, காசைத் தண்ணீரில் காட்டினான். கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்தவன்போல விரல் நுனியால் மெல்ல மெல்லத் தேய்த்தான். மண் கரைந்து வெள்ளைத் தொட்டியில் பழுப்பாக ஓடியது. அவன் கழுவி முடிக்கட்டும் என்று, காப்பிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி லூசில் பக்கத்தில் நின்றாள்.